உந்தப் பூட்டைச் செய்தது ஆர், தம்பி?

அந்த அம்மா கொண்டுவந்த பையில் இருநூறு பக்கத்துக்குக் கிட்ட இருந்தது. பொலிஸ் முறைப்பாட்டின் நிழற்படப் பிரதி, ஆணைக்குழுக்களின் பதிவிலக்கத் துண்டுகள், செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம், பாடசாலைச் சீருடையில் மகன் நிற்கிற படம். சில பக்கங்கள் வெள்ளத்தில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவற்றைப் பிரித்து, காயவைத்து, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. ஊரில் கணினி திருத்துகிறவன் என்பதால் இப்படியான வேலைகள் என்னிடம் வரும். காசு வாங்குவதில்லை.

பென்டிரைவ் தொலைந்தாலோ யாராவது எடுத்தாலோ உள்ளே இருப்பது தெரியக்கூடாது, பூட்டித் தருகிறேன் என்றேன். அவர் சும்மா தலையாட்டவில்லை.

“உந்தப் பூட்டைச் செய்தது ஆர், தம்பி?”

“அமெரிக்க அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பூட்டு அம்மா. உலகம் முழுக்க உதைத்தான் பாவிக்கினம்.”

“அரசாங்கம் சொன்ன பூட்டெண்டால், அரசாங்கத்திட்டை இன்னொரு திறப்பு இருக்கும்தானே?”

கையில் வைத்திருந்த சுட்டியை அப்படியே விட்டுவிட்டு இருந்தேன். இருபது வருடமாகக் கணினியோடு கிடக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அன்று அரைகுறையாக ஒரு பதில் சொன்னேன். பிறகு வாசித்து, அடுத்தடுத்த சந்திப்புகளில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். அம்மாவின் சந்தேகம் படிக்காதவரின் சந்தேகம் அல்ல. 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் சிறந்த கணித மூளைகள் சிலவற்றுக்கும் இதே சந்தேகம்தான் இருந்தது. அவர்கள் கேட்ட கேள்விக்கு முழுப்பதில் கிடைக்க இருபது வருடத்துக்கு மேல் பிடித்தது. கிடைத்த பதிலோ பாதி “இல்லை”, பாதி “ஓம்”.

பூட்டு என்று நான் சொல்வது என்ன? சிறுவயதில் நாங்கள் எல்லோரும் ஒரு சங்கேத எழுத்து வைத்திருந்திருப்போம். க என்றால் ச, ச என்றால் ட என்று மாற்றி எழுதி, வகுப்பில் துண்டு அனுப்புவது. அது உடைவதற்கு வாத்தியார் கெட்டிக்காரராக இருக்கவேண்டியதில்லை. தமிழில் எத்தனையோ சொற்கள் “ம்” இல் முடிகின்றன: மரம், பணம், காலம். சொல்லின் கடைசியில் ஒரே குறி திரும்பத் திரும்ப வந்தால் அது “ம்” ஆகத்தான் இருக்கும். உயிரெழுத்து சொல்லின் தொடக்கத்தில்தான் வரும் என்ற விதியும் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மொழியின் குணம் அப்படியே மேலே மிதக்கும்.

எழுத்தை ஒவ்வொன்றாக மாற்றாமல் ஒரு பெரிய துண்டாக வெட்டி, துண்டுக்குத் துண்டு மாற்றினால்? இதைத்தான் புளொக் சைபர் என்கிறார்கள். கணினிக்குள் எல்லாம் 0 அல்லது 1. ஒவ்வொன்றும் ஒரு பிட். 64 பிட்டை ஒரு துண்டாக எடுத்தால், இருக்கக்கூடிய வெவ்வேறு துண்டுகளின் எண்ணிக்கை ஒரு இலட்சத்து எண்பத்துநாலாயிரம் கோடி கோடிக்கும் மேல். அவ்வளவு பெரிய அகராதியில் எந்த மொழியின் குணமும் வெளியே தெரியாது. ஆனால் அந்த அகராதியை எழுதி வைக்க இந்தப் பூமியில் இடமில்லை. ஆகவே ஒரு சிறிய திறப்பைக் கொடுத்தால் அந்தப் பிரமாண்டமான அகராதியின் எந்த வரியையும் உடனே கணக்குப் போட்டுத் தருகிற ஒரு செய்முறை வேண்டும். திறப்பை மாற்றினால் அகராதியே முழுதாக மாறவேண்டும்.

செய்முறை எப்படி இருக்கவேண்டும் என்பதை 1949 இல் குளோட் ஷனன் எழுதிவைத்தார். இரண்டு வேலை வேண்டும் என்றார். ஒன்று குழப்புவது: திறப்புக்கும் வெளியே வருவதற்கும் உள்ள தொடர்பைச் சிக்கலாக்குவது. மற்றது பரப்புவது: உள்ளே ஒரு பிட் மாறினால் அதன் விளைவு துண்டு முழுவதும் பரவவேண்டும். இரண்டு எளிய வேலைகளை மாறிமாறித் திரும்பத் திரும்பச் செய்தால் போதும் என்பதற்கு அவர் கொடுத்த உதாரணம் மா குழைப்பது. தட்டு, மடி, தட்டு, மடி. பரோட்டாக் கடையில் நின்று பார்த்தவர்களுக்கு ஷனனை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. ஆனால் மாவில் குழைத்த உப்பைத் திரும்ப எடுக்க முடியாது. பூட்டில் அப்படி இருந்தால் சரிவராது. திறப்பு வைத்திருப்பவர் குழைத்ததைக் குழைக்காத நிலைக்குக் கொண்டுவர முடியவேண்டும்.

இதற்கு அழகான வழி கண்டவர் ஹோர்ஸ்ட் ஃபைஸ்டல். 1915 இல் பேர்லினில் பிறந்தவர், 1934 இல் அமெரிக்கா போனவர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியதும், ஜேர்மனியர் என்ற காரணத்தால் அவருடைய நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. பொஸ்டன் நகரத்துக்குள் திரியலாம். நியூயோர்க்கில் இருக்கிற தாயைப் பார்க்கப் போவதென்றால் அறிவித்துவிட்டுத்தான் போகவேண்டும். 1944 ஜனவரி 31 அன்று குடியுரிமை கிடைத்தது. அடுத்த நாளே பாதுகாப்பு அனுமதியும் கொடுத்து, விமானப்படையின் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே இரவில் சந்தேகநபர் இரகசியம் காப்பவர் ஆனார். பதிவு செய்துவிட்டு ஊருக்குள் போன காலம் எங்களில் பலருக்கும் நினைவிருக்கும் என்பதால் இந்தப் பகுதியை அம்மாவுக்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொன்னேன்.

பிறகு ஃபைஸ்டல் ஐபிஎம் நிறுவனத்துக்கு வந்து, 1970களின் தொடக்கத்தில் லூசிஃபர் என்ற புளொக் சைபரை உருவாக்கினார். பெயருக்கும் ஒரு கதை உண்டு. செய்துகாட்டுவதற்கான நிரல் என்பதால் முதலில் டெமொன்ஸ்ட்ரேஷன் என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். கணினி அவ்வளவு நீளமான பெயரை ஏற்காததால் அது டெமன் ஆகச் சுருங்கியது. டெமன் என்றால் பேய். பேயிலிருந்து லூசிஃபருக்குப் போனார்கள்.

ஃபைஸ்டலின் வழி இதுதான். துண்டை இடது பாதி, வலது பாதி என்று வெட்டுங்கள். வலது பாதியையும் திறப்பின் ஒரு பகுதியையும் ஒரு அரைக்கும் இயந்திரத்துக்குள் போடுங்கள். வெளியே வருவதை இடது பாதியோடு கலவுங்கள். கலப்பது என்றால், இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. இந்தக் கலவைக்கு ஒரு குணம் உண்டு: ஒரே பொருளை இரண்டு தரம் கலந்தால் அது தானாக நீங்கிவிடும். வலது பாதியைத் தொடவேண்டாம். பிறகு இரண்டு பாதியையும் இடம் மாற்றிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். பூட்டைத் திறக்க வேண்டுமா? வலது பாதி தொடப்படாமல் அப்படியே இருக்கிறது, திறப்பும் உங்களிடம் இருக்கிறது. அதே இயந்திரத்துக்குள் அதே திசையில் போட்டால் அதே மாதான் வெளியே வரும். அதை மறுபடி கலந்தால் முதலில் கலந்தது நீங்கிவிடும். இயந்திரத்தைப் பின்பக்கமாக ஓட்டவேண்டிய தேவையே இல்லை. ஆகவே உள்ளே எவ்வளவு கொடூரமாக அரைத்தாலும் பரவாயில்லை. திறப்பு இல்லாதவருக்கு மட்டும் அது உப்புக் குழைத்த மா. எத்தனை தரம் விளங்கிக்கொண்டாலும் எனக்கு இந்த இடத்தில் ஒரு சந்தோஷம் வரும்.

1973 மே மாதம் அமெரிக்காவின் தேசிய நியமப் பணியகம் ஒரு அறிவித்தல் விட்டது: எல்லோரும் பாவிக்கக்கூடிய ஒரு பூட்டுமுறை தேவை, தெரிந்தவர்கள் தாருங்கள். வங்கிகள் கணினிக்கு மாறிக்கொண்டிருந்த காலம். தகுதியான ஒன்றும் வராததால் 1974 ஓகஸ்டில் மறுபடி கேட்டார்கள். ஐபிஎம் லூசிஃபரின் வழியில் திருத்திய ஒரு வடிவத்தைக் கொடுத்தது. வோல்டர் டக்மன் தலைமையிலான குழுவின் வேலை அது. அதுதான் பிறகு டெஸ் ஆனது. 64 பிட் துண்டு, 16 சுற்று.

அரைக்கும் இயந்திரத்தின் பல் என்று சொல்லக்கூடியவை எஸ் பெட்டிகள் எனப்படும் எட்டு அட்டவணைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் 6 பிட் போகும், 4 பிட் வரும். பார்க்க, 0 இலிருந்து 15 வரையான எண்களை நான்கு வரிசையில் கலைத்துப் போட்டதுபோல இருக்கும். ஆனால் பூட்டின் உயிர் அங்கேதான். மற்ற எல்லா வேலையும் இடம்மாற்றலும் கலத்தலும். அவற்றை எத்தனை சுற்று செய்தாலும், சாதாரண தரத்தில் படித்த ஒருங்கமை சமன்பாடுபோலத் தீர்த்துவிடலாம். எஸ் பெட்டிதான் அந்தச் சமன்பாட்டைக் குலைக்கிறது. அந்த எண்கள் பிழையாக இருந்தால் முழுப் பூட்டும் பொய்.

பிரச்சினையும் அங்கேதான் தொடங்கியது. நியமப் பணியகத்திடம் இதை மதிப்பிடும் ஆட்கள் இருக்கவில்லை. அது தேசிய பாதுகாப்பு முகவரகத்தின் உதவியை நாடியது. என்எஸ்ஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த அமைப்பின் தொழிலே மற்றவர்களின் பூட்டை உடைத்துக் கேட்பது. 1975 மார்ச்சில் டெஸ் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிடப்பட்டபோது இரண்டு விடயங்கள் கண்ணில் குத்தின. முதலாவது, எஸ் பெட்டிகளுக்குள் இருக்கும் எண்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்று யாரும் சொல்லவில்லை. எண்கள் பகிரங்கம், காரணம் இரகசியம். இரண்டாவது, லூசிஃபரில் 128 பிட்டாக இருந்த திறப்பு டெஸ்ஸில் 56 பிட்டாகச் சுருங்கியிருந்தது.

ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் விற்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் சத்தம் போட்டார்கள். 56 பிட் என்றால் இருக்கக்கூடிய திறப்புகள் சுமார் 720 கோடி கோடி. பெரிய எண்தான். ஆனால் ஒரு செக்கனுக்குப் பத்து இலட்சம் திறப்பைச் சோதிக்கும் சில்லுகள் பத்து இலட்சத்தைச் சேர்த்து ஒரு இயந்திரம் கட்டினால், அத்தனையையும் ஒரு நாளுக்குள் போட்டுப் பார்த்துவிடலாம், செலவு சுமார் 2 கோடி டொலர் என்று 1977 இல் கணக்குக் காட்டினார்கள். எந்த வங்கிக்கொள்ளைக்காரனாலும் அது முடியாது. ஒரு அரசாங்கத்தால் முடியும். அதாவது அம்மா சொன்னதேதான்: இன்னொரு திறப்பு அரசாங்கத்தின் கையில். 1977 ஜனவரியில் டெஸ் நியமமாக வெளிவந்தது. அடுத்த வருடம் செனற் சபையின் புலனாய்வுக் குழு விசாரித்துவிட்டு, முறைகேடு இல்லை என்ற மாதிரி ஒரு சுருக்கத்தை வெளியிட்டது. விசாரிக்கப்பட்டவரின் வீட்டுக்காரரே விசாரித்தால் அறிக்கை எப்படி வரும் என்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. சந்தேகம் அடங்கவில்லை. எஸ் பெட்டிக்குள் பொறி இருக்கிறது என்பது ஒரு தலைமுறைக் கணிதக்காரரின் நம்பிக்கையாகவே ஆகிவிட்டது.

1990 இல் கதை திரும்பியது. இஸ்ரேலைச் சேர்ந்த எலி பிஹாமும் அடி ஷமிரும் பூட்டு உடைக்கும் புதிய முறை ஒன்றை வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஒரே மாதிரியான இரண்டு செய்திகளை ஒரே திறப்பால் பூட்டச் செய்து, அவற்றுக்கிடையிலான வித்தியாசம் சுற்றுக்குச் சுற்று எப்படிப் பயணிக்கிறது என்று பார்ப்பது. இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. இரண்டு செய்தியிலும் ஒரே திறப்புக் கலக்கப்படுகிறது. வித்தியாசத்தை மட்டும் பார்த்தால், முன்பு சொன்ன குணத்தால், திறப்பு தானாக நீங்கிவிடுகிறது. திறப்புத் தெரியாமலேயே வித்தியாசத்தின் பின்னால் போகலாம். வழியில் தடுக்கிற ஒரேயொரு காவல் எஸ் பெட்டி. அதற்குள் ஒரு வித்தியாசம் போனால் எந்த வித்தியாசம் வரும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அட்டவணை கவனமில்லாமல் செய்யப்பட்டிருந்தால், குறிப்பிட்ட ஒன்று அடிக்கடி வரும். அந்தப் பலவீனத்தைப் பிடித்துக்கொண்டு பதினாறு சுற்றும் போய்விடலாம்.

இந்த ஆயுதத்தால் அந்தக் காலத்துப் பூட்டுகள் பல விழுந்தன. டெஸ் விழவில்லை. அதை இந்த வழியில் உடைக்க, தாங்கள் தெரிவுசெய்த செய்திகள் 2ஐ 47 தரம் பெருக்கிய அளவு வேண்டியிருந்தது. நடைமுறையில் அது ஒரு தாக்குதலே அல்ல. அதைவிட வியப்பு, எஸ் பெட்டிகளின் எண்களைக் கொஞ்சம் மாற்றினாலே டெஸ் வெகுவாகப் பலவீனமாகிவிடும் என்று பிஹாமும் ஷமிரும் கண்டார்கள். 1990 இல் உலகம் அறிந்த தாக்குதலுக்கு எதிராக 1974 இல் யாரோ கவசம் போட்டிருக்கிறார்கள்.

1994 இல் ஐபிஎம் குழுவில் இருந்த டொன் கொப்பர்ஸ்மித் வாயைத் திறந்தார். அந்தத் தாக்குதலை 1974 இலேயே தாங்கள் அறிந்திருந்ததாகவும், என்எஸ்ஏயோடு பேசியபின் அதை வெளியிடாமல் விட்டதாகவும் எழுதினார். வடிவமைப்பின் காரணத்தைச் சொன்னால் அந்த ஆயுதமும் வெளியே தெரிந்துவிடும் என்பதுதான் மௌனத்தின் காரணம். எஸ் பெட்டிகளுக்குத் தாங்கள் வைத்த விதிகளையும் அப்போதுதான் வெளியிட்டார். உதாரணத்துக்கு ஒன்று: உள்ளே போகும் இரண்டு எண்களுக்கிடையில் ஒரேயொரு பிட் மட்டும் வேறாக இருந்தால், வெளியே வரும் எண்களில் ஆகக்குறைந்தது இரண்டு பிட்டாவது வேறாக இருக்கவேண்டும். இன்னொன்று: எந்த வித்தியாசத்தை உள்ளே போட்டாலும், அதைக் கொண்ட 32 சோடிகளில் எட்டுக்கு மேற்பட்டவை வெளியே ஒரே வித்தியாசத்தைக் காட்டக்கூடாது. பொறி என்று இருபது வருடம் சந்தேகிக்கப்பட்ட அட்டவணை உண்மையில் கவசம்.

அப்படியானால் சந்தேகப்பட்டவர்கள் பிழையா? அவசரப்படவேண்டாம். பிறகு இரகசியம் நீக்கப்பட்ட என்எஸ்ஏயின் சொந்த வரலாற்று நூலில் மற்றப் பாதி இருக்கிறது. திறப்பை 64 பிட்டிலிருந்து 48 ஆகக் குறைக்கும்படி முகவரகம் ஐபிஎம்மை இணங்கவைக்கப் பார்த்தது. கடைசியில் இருபகுதியும் 56 இல் நின்றன. ஒரே கைதான் கதவை இரும்பாலும் செய்தது, சாவித்துவாரத்தைத் தன் அளவுக்கும் வெட்டப் பார்த்தது. கெட்டிக்காரர் யாரும் தந்திரத்தால் உடைக்கக்கூடாது, பணபலம் உள்ளவர் மட்டும் பலத்தால் உடைக்கலாம். அந்த வரிகளை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

1998 ஜூலையில் எலெக்ட்ரொனிக் ஃபுரொன்டியர் ஃபவுண்டேஷன் என்ற தன்னார்வ அமைப்பு இரண்டரை இலட்சம் டொலருக்குள் ஒரு இயந்திரத்தைக் கட்டி, ஒரு டெஸ் திறப்பை 56 மணித்தியாலத்தில் கண்டுபிடித்துக் காட்டியது. செக்கனுக்கு 9,000 கோடி திறப்புகளைச் சோதித்த இயந்திரம் அது. அதே இயந்திரத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லாத் திறப்பையும் போட்டுப் பார்க்க 56 பிட்டுக்கு ஒன்பது நாள் வரும். முகவரகம் கேட்ட 48 பிட்டாக இருந்திருந்தால் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. 64 பிட்டாக விட்டிருந்தால் ஆறு வருடத்துக்கு மேல். ஒவ்வொரு பிட்டும் வேலையை இரட்டிப்பாக்கும். எட்டுப் பிட் என்பது 256 மடங்கு. பேரம் பேசியது இதைத்தான்.

இடையில் இன்னொன்று. 1990களில் அமெரிக்காவுக்கு வெளியே அனுப்பப்பட்ட மென்பொருள்களில் 56 பிட்கூட இல்லை. பூட்டுமுறைகள் ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தின்கீழ் இருந்ததால், நெற்ஸ்கேப் போன்ற உலாவிகளின் வெளிநாட்டு வடிவத்துக்கு 40 பிட்தான் கிடைத்தது. 56 பிட்டை விட 65,536 மடங்கு இளக்கமான பூட்டு. மற்ற நாட்டுக்காரருக்கு அது போதும் என்று யாரோ ஒரு மேசையில் முடிவெடுத்திருக்கிறார்கள்.

இனி அம்மாவின் பென்டிரைவில் இருக்கும் பூட்டு. அது டெஸ் அல்ல, ஏஇஎஸ்.

1997 இல் புதிய நியமம் தேடத் தொடங்கியபோது அமெரிக்கர்கள் பழைய பிழையைச் செய்யவில்லை. உலகத்தில் யாரும் வடிவமைப்பை அனுப்பலாம், ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதவேண்டும், எல்லாம் பகிரங்கம். 1998 இல் 15 வடிவமைப்புகள் களத்தில் இருந்தன. போட்டியாளர்களே ஒருவரின் பூட்டை ஒருவர் உடைக்க முயன்றார்கள். 1999 இல் ஐந்து மிஞ்சின. 2000 ஒக்டோபர் 2 அன்று வென்றது றைன்டால். பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டாமன், வின்சன்ட் றைமன் என்ற இரண்டு பேரின் வேலை. 2001 நவம்பரில் அது ஏஇஎஸ் என்ற நியமமானது. இறுதி ஐந்துக்குள் வந்த சேர்பன்ட் என்ற வடிவமைப்பைச் செய்த மூவரில் ஒருவர், டெஸ்ஸின் கவசத்தை வெளிக்கொண்டுவந்த அதே பிஹாம்.

ஏஇஎஸ் 16 பைட்டை, அதாவது 128 பிட்டை, ஒரு துண்டாக எடுக்கிறது. யுனிகோட் தமிழில் ஒரு குறிக்கு 3 பைட் பிடிக்கும். “அம்மா” என்ற சொல்லுக்கு ஐந்து குறி, 15 பைட். ஒரு துண்டுக்குள் அந்தச் சொல் அளவாக அடங்கி, ஒரு பைட் மிச்சம் இருக்கும். 16 பைட்டையும் நாலுக்கு நாலு கட்டமாக அடுக்குவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு வேலை. ஒவ்வொரு கட்டத்தையும் எஸ் பெட்டியால் மாற்றுவது, வரிசைகளை வெவ்வேறு அளவு பக்கவாட்டில் நகர்த்துவது, ஒவ்வொரு நிரலுக்குள்ளும் நான்கு பைட்டையும் குழைப்பது, திறப்பைக் கலப்பது. 128 பிட் திறப்பென்றால் பத்துச் சுற்று, 256 என்றால் பதினான்கு. கடைசிச் சுற்றில் மட்டும் குழைப்பது இல்லை.

இங்கே எஸ் பெட்டியின் எண்கள் எங்கிருந்து வந்தன என்பது மர்மமில்லை. 256 உறுப்புகள் கொண்ட ஒரு கணித அமைப்பில் ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் நேர்மாறு, அதன்மேல் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சிறிய உருமாற்றம். உயர்தரக் கணிதம் படித்த பிள்ளை ஒரு பின்னேரம் இருந்தால் முழு அட்டவணையையும் தானே செய்து சரிபார்க்கலாம்.

கவசமும் எல்லோருக்கும் தெரியக் கணக்காக நிற்கிறது. ஒரு கட்டத்தில் மட்டும் வித்தியாசம் போட்டால், முதற்சுற்றின் குழைப்பில் அது ஒரு நிரலின் நான்கு கட்டத்துக்குப் பரவும். அடுத்த சுற்றில் வரிசை நகர்ந்து நான்கும் நான்கு நிரலுக்குப் போய், 16 கட்டத்தையும் பிடித்துவிடும். தாக்குகிறவர் எவ்வளவு கெட்டித்தனமாக வித்தியாசத்தைத் தெரிந்தாலும், எந்த நான்கு சுற்றிலும் ஆகக்குறைந்தது 25 எஸ் பெட்டிகளையாவது அவர் கடக்கவேண்டும் என்பது நிறுவப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றையும் விரும்பியபடி கடக்கும் வாய்ப்பு ஆகக்கூடியது 64 இல் ஒன்று. இருபத்தைந்தையும் சேர்த்துப் பெருக்கினால், 2ஐ 150 தரம் பெருக்கி வருவதில் ஒன்று. ஆனால் உலகத்தில் இருக்கக்கூடிய துண்டுகளே 2ஐ 128 தரம் பெருக்கிய அளவுதான். அத்தனையையும் போட்டுப் பார்த்தாலும் அந்த வழி தென்படாது. இது நான்கு சுற்றுக்கு மட்டும். டெஸ்ஸின் காலத்தில் இந்த வகைக் கணக்கை ஐபிஎம் அறைக்குள் சிலர் இரகசியமாகப் போட்டார்கள். இந்தமுறை அது புத்தகத்தில் இருக்கிறது.

உடைக்க முயன்றவர்கள் குறைவில்லை. 2011 இல் வந்த ஆகச்சிறந்த தாக்குதல், 128 பிட் திறப்பின் வேலையைச் சுமார் 126 பிட் அளவுக்குக் குறைத்தது. நாலில் ஒரு பங்கு. அந்த 1998 இயந்திரத்தால் போனால் 128 பிட்டை முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப்போலப் பல நூறு கோடி மடங்கு வேண்டும். அதை நாலால் வகுத்து என்ன பயன்? 2003 இல் அமெரிக்க அரசாங்கம் தன் அதியுயர் இரகசியங்களுக்கும் நீண்ட திறப்புள்ள ஏஇஎஸ்ஸைப் பாவிக்க அனுமதித்தது. அம்மாவின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பலமான பதில்களில் அதுவும் ஒன்று. இன்னொரு திறப்பு இருக்கும் பூட்டைத் தன் வீட்டுக்கும் போட ஆள் யோசிக்கும்.

ஆனாலும் அவநம்பிக்கை போய்விடவில்லை, போகவும் தேவையில்லை. 2013 இல் என்எஸ்ஏ தானே சைமன், ஸ்பெக் என்ற இரண்டு புளொக் சைபர்களை வெளியிட்டது. சிறிய கருவிகளுக்கு ஏற்ற, நல்ல வேகமானவை. சர்வதேச நியம அமைப்பில் மற்ற நாட்டு நிபுணர்கள் வடிவமைப்பின் காரணங்களைக் கேட்டார்கள். கிடைத்த விளக்கம் போதவில்லை. 2018 இல் அவை அங்கே தள்ளப்பட்டன. யாரும் அவற்றை உடைத்துக் காட்டியிருக்கவில்லை. காரணம் சொல்லாத பூட்டு வேண்டாம் என்றார்கள், அவ்வளவுதான்.

இவ்வளவும் சொன்னபிறகு, நல்ல பூட்டையும் பிழையாகப் போடலாம் என்பதைச் சொல்லாவிட்டால் நான் பொய்யன். புளொக் சைபர் ஒரே துண்டைக் கண்டால், ஒரே திறப்புக்கு, எப்போதும் ஒரே பதிலைத்தான் தரும். ஸ்கேன் செய்த பக்கத்தை நினைத்துப் பாருங்கள். பெரும்பகுதி வெள்ளை. சுருக்காத படக்கோப்பை அப்படியே துண்டுதுண்டாகப் பூட்டினால், வெள்ளைத் துண்டுகள் எல்லாம் ஒரே குப்பையாக மாறும். எழுத்து இருக்கும் இடம் மட்டும் வேறு குப்பையாக இருக்கும். திறப்பே இல்லாமல் கையெழுத்தின் உருவம் மேலே தெரியும். ஆகவே ஒவ்வொரு துண்டும் வட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கலக்கிற எக்ஸ்ரிஎஸ் என்ற முறையில்தான் பூட்டவேண்டும். வெராகிரிப்ட் அதைத் தானாகவே செய்கிறது. மறித்து வைத்து “கடவுச்சொல்லைச் சொல்லு” என்று கேட்பவருக்கு எதிராக எந்தச் சைபரும் எதுவும் செய்யாது. அதையும் அம்மாவுக்கு ஒளிக்காமல் சொன்னேன். அவர் சிரித்தார். அது அவருக்கு என்னைவிடத் தெரியும்.

கடவுச்சொல்லாக அவர் முதலில் சொன்னது மகனின் பிறந்த திகதி. எட்டு இலக்கம். ஐம்பது வருடத்துக்குள் பிறந்த ஒருவரின் பிறந்தநாளுக்கு இருப்பது வெறும் பதினெட்டாயிரம் சாத்தியங்கள். அதுவும் அந்தத் திகதி முறைப்பாட்டின் முதற்பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. 128 பிட் கதவுக்கு முன்னால் திறப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் அந்தத் திகதியை யோசித்துத் தெரியவில்லை. கேட்டவுடன் வாயில் வந்தது அதுதான்.

தாயக்கட்டை உருட்டிச் சொல் தெரிகிற ஒரு முறை இருக்கிறது. ஐந்து தரம் உருட்டினால் 7,776 சொற்கள் உள்ள பட்டியலில் ஒரு சொல் வரும். அப்படி ஆறு சொல் எடுத்தால், டெஸ்ஸின் மொத்தத் திறப்புகளைவிட 30 இலட்சம் மடங்கு சாத்தியங்கள். பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொண்டு என் வேலை மேசையில் அவரே முப்பது தரம் உருட்டினார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆறு சொற்கள் வந்தன. எழுதிய துண்டை வீட்டில் மனனம் செய்துவிட்டு எரிக்கச் சொன்னேன். பென்டிரைவில் இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்றை வெளியூரில் இருக்கும் மகளிடம் கொடுக்கிறதாகச் சொன்னார்.

அடுத்த கிழமை வந்தபோது ஆறு சொல்லையும், சந்தைக்குப் போகிறவர் சாமான் பட்டியல் சொல்வதுபோல, பிழையில்லாமல் தட்டச்சு செய்தார். மகனின் படம் திரையில் திறந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

“அந்த பெல்ஜியம் ஆக்கள் ரெண்டு பேருக்கும் உதுக்குக் காசு கிடைச்சதோ?”

“இல்லை அம்மா. வெல்லுற பூட்டை எல்லாருக்கும் இலவசமாக் குடுக்க வேணுமெண்டது போட்டியின்ரை விதி.”

“ம்” என்றார். பிறகு படத்தை மூடி, பென்டிரைவைக் கழற்றி, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்குப் போனார்.